ஈரலில் ஒரு தண்ணீர்ப் பை

"மூக்கைப் பொத்தாதேடா. பொத்தினா வாய் வழியா உள்ள போகும்," என்றாள் சித்தி.

வாயையும் மூடிக்கொண்டேன். அப்படி எவ்வளவு நேரம் இருக்க முடியும்? ஆடு அறுக்கும் கூடத்தை ஒட்டினாற்போல் இருந்த கால்நடை டாக்டர் அறை அது. ஜன்னலுக்கு வெளியே உரித்த ஆடுகள் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கின. தரையில் ரத்தமும் தண்ணீரும் கலந்து சாக்கடைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. குடல் கழுவுகிற தொட்டியிலிருந்து வந்த வாடையை விவரமாக எழுதினால் இந்தப் பக்கமே நாறும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

சித்தி எனக்கு மட்டும் சித்தி இல்லை. இந்த நகரத்தில் போலீஸ்காரர் முதல் பிக்பாக்கெட் வரை எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்து, ரிட்டயர் ஆனதும் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். நான் அவளுடைய அக்கா மகன். உதவியாளன், டிரைவர், வேறு ஆள் கிடைக்காதபோது திட்டு வாங்குகிறவன்.

இந்த முறை எங்களைக் கூப்பிட்டது கடைத்தெருவில் மட்டன் கடை வைத்திருப்பவர். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பேர் எடுத்த கடை. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டு ஈரல் வாங்கிப் போன ஒரு அம்மா வீட்டில் நறுக்கும்போது, உள்ளேயிருந்து எலுமிச்சம்பழம் அளவுக்குத் தண்ணீர் நிறைந்த ஒரு பை வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அவர் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செகரட்டரி. கத்தினார், வீடியோ எடுத்தார், ஊருக்கே அனுப்பினார். மறுநாளே மாநகராட்சி கடையைப் பூட்டிவிட்டது. இன்று சாயங்காலம் விசாரணை. அதற்குள் உண்மை தெரியாவிட்டால் லைசென்ஸ் நிரந்தரமாக ரத்து.

"யாரோ வச்சிருக்காங்க சித்தி," என்று காலையில் எங்கள் ஆபீஸுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னார் கடைக்காரர். "கறியில சந்தேகம் வந்தா நான் கொடுக்கவே மாட்டேன். கத்தியத் தவிர எனக்கு வேற ஒண்ணும் பிடிக்கத் தெரியாது. கடை போச்சுன்னா குடும்பத்தோட நடுத்தெருதான்."

அதனால்தான் இந்த நரகத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

ரப்பர் பூட்ஸ் போட்ட டாக்டரம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு தட்டையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். தட்டில், மாநகராட்சி பிடித்து அனுப்பியிருந்த அந்த ஈரல். பாட்டிலில் அந்தப் பை. ஓடு உரித்த வேகாத முட்டை மாதிரி கொழகொழவென்று ஆடியது. உள்தோலில் ரவையைத் தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"அதெல்லாம் என்ன டாக்டர், கொழுப்பா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தலைங்க. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடாப்புழுவோட தலை. தோதான வயித்துக்குள்ள போச்சுன்னா குடலைக் கவ்விப் பிடிச்சுக்கும்."

"உயிரோட இருக்கா?"

"ஃப்ரிட்ஜ்ல வச்சதுக்கு அப்புறம் சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுன்னா என்ன அர்த்தம்? இருக்கா, இல்லையா?"

"உன்னைக் கவ்வ வரல. தள்ளு," என்று என்னை நகர்த்திவிட்டு சித்தி குனிந்து பார்த்தாள். அவள் கையில் பிஸ்கட் பாக்கெட். ஒன்றை எடுத்துக் கடித்தாள். அந்த மேஜையில், அந்தப் பாட்டிலுக்கு முன்னால்! என் சொந்தச் சித்தி என்று சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"டாக்டர், பை இருந்த இடத்தைக் காட்டுங்க."

டாக்டரம்மா இரண்டு விரலால் ஈரலை விரித்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இதுதான் எனக்கும் இடிச்சுது. ஈரல்ல வர்ற பை மாசக்கணக்குல இருந்து வளரும். அதைச் சுத்தி ஈரலே கெட்டியா ஒரு சுவர் கட்டிடும். இங்க சுவரே இல்ல. நேரா ஒரு கத்திப் பிளவு."

"அப்போ குடியிருந்தவன் இல்ல," என்றாள் சித்தி. "நாலு வருஷம் வாடகைக்கு இருந்தா சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டையாவது இருக்கும். இவன் பெட்டியும் கையுமா இப்பத்தான் உள்ள நுழைஞ்சிருக்கான்."

"இன்னொண்ணும் இருக்கு. இப்படிக் கொத்துக் கொத்தா தலை இருக்கற பை ஆட்டோட மூளையில வர்றது. அது வந்த ஆடு ஒரே பக்கமா சுத்திச் சுத்தி வந்து விழும்."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றேன்.

"மண்டையில இருந்ததை எடுத்து ஈரல்ல வச்சுட்டாங்களா!" சித்தியின் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. "இதை நீங்க மாநகராட்சிக்குச் சொல்லலையா?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு? வீடியோ பாத்தாங்க, பூட்டிட்டாங்க. எழுதித் தர்றேன். ஆனா வச்சது யாருன்னு தெரியாம போனீங்கன்னா, 'எப்படியும் உங்க கடைச் சாமான்தானே'ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"சரி, இந்தப் புழு ஆட்டுக்கு எங்கேர்ந்து வருது?"

"அது ஒரு சுத்து. முதல்ல..."

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஓர் இரைப்பையை எடுத்து, தலையணை உறையைத் திருப்புவது போல உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். பச்சையாகக் கொட்டியது. அதற்குமேல் நான் அங்கே இல்லை. பின்பக்கக் குழாயடியில் காலையில் சாப்பிட்டதோடு நேற்று ராத்திரி சாப்பிட்டதும் போய்ச் சேர்ந்தது.

முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது சித்தி எழுந்து நின்றிருந்தாள். பாதி தின்ற பிஸ்கட்டைக் குப்பைக்கூடையில் போட்டாள். அவள் சாப்பாட்டை வீணாக்கி நான் பார்த்ததே இல்லை.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"உன் வயித்துக்குத் தாங்காது. வண்டியை எடு."

எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் ஒரே ஆள் மேல்தான். கடைக்காரருக்கு நேர் எதிரே இன்னொரு மட்டன் கடை இருக்கிறது. அதன் முதலாளியைத் தெருவே மீசை என்று கூப்பிடும். இந்தக் கடை பூட்டினதிலிருந்து அங்கே கூட்டம் நெரிகிறது. லாபம் யாருக்கு என்று பார்த்தால் குற்றவாளி தானாக வருவான் என்பது என் சித்தாந்தம். சித்தியிடம் சொன்னேன்.

"உன் சித்தாந்தப்படி மழை பெஞ்சா குடைக்கடைக்காரனைப் பிடிச்சு உள்ள போடணும்," என்றாள். ஆனாலும் வண்டியை அங்கேதான் நிறுத்தச் சொன்னாள்.

மீசை ஒரு தொடையைப் பிளந்துகொண்டிருந்தார். ஈ ஒன்று கறிமேல் உட்கார்ந்து, எழுந்து, என் உதட்டில் உட்கார்ந்தது. நான் துப்பிய துப்பலில் வரிசையில் நின்றவர்கள் இரண்டடி விலகினார்கள்.

சித்தி சுற்றிவளைக்கவில்லை. "அண்ணே, அது மூளைப் பையாம். டாக்டர் சொல்லிட்டாங்க. யாரோ ஈரல்ல வச்சிருக்காங்க. உங்க பேர்தான் அடிபடுது."

கத்தி நின்றது. மீசைக்குக் கோபம் வரும் என்று நான் ஓரடி பின்னால் போனேன். கோபம்தான் வந்தது, ஆனால் நான் நினைத்த இடத்தில் வரவில்லை.

"மூளைப் பையை ஈரல்லயா? ஏம்மா, என்னைப் பாத்தா தொழில் தெரியாதவன் மாதிரியா இருக்கு? அப்படி வைக்கணும்னா ஈரல் பையையே வச்சிருப்பேன், டாக்டருக்கே தெரியாத மாதிரி! கத்தி பிடிக்கறவன் எவனும் இந்தக் கூத்தைப் பண்ண மாட்டான். கேக்கறதுக்கே கேவலமா இருக்கு."

"அவர் கெட்டவர் இல்ல போலிருக்கு," என்று சித்தியின் காதில் முணுமுணுத்தேன். "செஞ்சவரா இருந்தா, இதைவிட நல்லா செய்யத் தெரியும்னு பெருமையா சொல்லிக்க மாட்டாரு."

சித்தி என்னைக் கவனிக்கவில்லை. "ஆட்டுத் தலையை யாரு பிளக்கறது? அறுப்புக்கூடத்துலயா?"

"தலை முழுசாத்தான் வரும். அவங்கவங்க கடையிலதான் பிளக்கறது. உள்ள பை கிடந்தா குழிக்குப் போற குப்பையில போட்டுடுவோம். எதிர்க்கடைக்காரர் மட்டும் போட மாட்டாரு. ஈரல், நுரையீரல், மூளை, எதுல பை இருந்தாலும் ஒரு மூடி போட்ட டப்பால போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாரு."

"வீட்டுக்கா?" என்றேன். "எதுக்கு?"

"எதுக்கோ. அதைப் போயி யாரு கேப்பாங்க?"

குழாயடி பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

"ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல அங்க பொட்டலம் கட்டறது யாரு?" என்றாள் சித்தி.

"அவரு வெட்டுவாரு, வீட்டம்மா எடை போட்டுக் கட்டுவாங்க. பாவம், உடம்புக்கு முடியாம ரொம்ப நாள் வரல. இப்பத்தான் மறுபடி வர்றாங்க. கையில ரப்பர் உறை மாட்டிக்கிட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு."

வண்டிக்கு வந்ததும் சித்தி கதவைச் சாத்தினாள். "இப்போ சொல்லு. அந்த ஈரல் ஏன் செகரட்டரி அம்மா கைக்குப் போச்சு?"

"அவங்க தலையெழுத்து."

"தெருவுல பாதிப் பேரு அதைப் பாத்திருந்தா 'சீ'ன்னு தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாத்திருப்பாங்க. இந்தம்மாதான் ஊரைக் கூட்டுவாங்க. தெரிஞ்சே அவங்களுக்குப் போயிருக்கு. எதிர்க்கடையில இருக்கற மீசை, எந்தப் பொட்டலம் யாரு பையில விழணும்னு எப்படி முடிவு பண்ண முடியும்?"

எனக்கு மெதுவாக உறைத்தது. "பொட்டலம் கட்டறவங்கதான் முடிவு பண்ண முடியும்."

"கத்தி பிடிக்காதவங்க. டப்பா வீட்டுக்குப் போனா அதைத் திறந்து கழுவறவங்க."

"சொந்தப் பொண்டாட்டியா? எதுக்கு சித்தி? சோறு போடற கடை!"

"அதைத்தான் கேக்கப் போறோம்," என்றாள். அவள் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை.

கடைக்காரரின் வீடு மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை. உள்ளே நுழைந்ததும் பினாயில் வாடை கண்ணைக் கரித்தது. தரை, கதவுக் கைப்பிடி, நாற்காலிக் கால் எல்லாம் தேய்த்துத் தேய்த்து வெளுத்திருந்தன. அன்றைக்கு முழுவதும் நான் பார்த்த இடங்களிலேயே சுத்தமான இடம் இதுதான் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். கடைக்காரர் விசாரணைக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி கையில் ரப்பர் உறையோடு சமையலறை வாசலில் நின்றார். ஒடிசலான உருவம், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"யாருன்னு தெரிஞ்சுதா சித்தி? மீசைதானே?" என்றார் கடைக்காரர்.

சித்தி அவரைப் பார்க்கவில்லை. "ஏம்மா, சனிக்கிழமை டப்பா கழுவும்போது எடுத்து வச்சியா?"

அந்த அம்மா உறையை ஒவ்வொன்றாகக் கழற்றினார். 

"ஆமா. நான்தான் வச்சேன்."

"நீயா?" கடைக்காரர் பாதி போட்ட பொத்தானோடு திரும்பினார். "என்னடி சொல்ற?"

"எத்தனை தடவை கெஞ்சினேன், இந்தத் தொழிலை விடுங்கன்னு? கேட்டீங்களா? ஊரே காறித் துப்பினாலாவது மூடுவீங்கன்னு வச்சேன்." அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. சித்தியின் பக்கம் திரும்பினார். "என் வயித்துல ஆபரேஷன் பண்ணி எடுத்ததை டாக்டர் ஒரு பாட்டில்ல போட்டுக் காட்டினாரு. தண்ணிப் பை. இவரு டப்பால வருதே, அதே கருமம். என் ஈரலுக்குள்ள! என் ஈரலுக்குள்ள வளந்திருக்கு சித்தி! அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. இவரு தொட்ட தம்ளரைத் தொட முடியல. ராத்திரி கை மேல பட்டா குமட்டுது. கட்டின புருஷனைப் பாத்து அருவருப்பா இருக்குன்னு யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? நாளைக்குப் பாப்பாவுக்கும் வந்துட்டா?"

கடைக்காரர் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தானே வீட்டுக்குள்ள வர்றேன்..." என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"எதனால வருதுன்னு டாக்டர் சொல்லலையா?" என்று சித்தி கேட்டாள்.

"ஆட்டுல இருக்கற புழுன்னாரு. அதுக்கு மேல என்ன கேக்கறது? மட்டன் கடைக்காரர் பொண்டாட்டிக்கு எங்கேர்ந்து வரும்னு எனக்குத் தெரியாதா?"

"வேற எதுவும் கேக்கலையா அவரு?"

"வீட்டுல நாய் இருக்கான்னு கேட்டாரு. இருக்கு டாக்டர், ரொம்ப சாது, யாரையும் கடிக்காதுன்னு சொன்னேன். அதுக்குள்ள நர்ஸ் வந்து அவசரம்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க."

சித்தி கண்ணை மூடித் திறந்தாள். "அந்த டப்பாவுல வர்றது எங்க போகுது?"

"நாய்க்குத்தான்," என்றார் கடைக்காரர். "பை இருக்கறதை ஜனங்களுக்கு விக்க எனக்கு மனசு வராது சித்தி. தூக்கிப் போடவும் மனசு வராது. வாயில்லா ஜீவன் தின்னுட்டுப் போகட்டும்னு கொண்டு வருவேன். இவ தட்டுல போடுவா."

"வேக வச்சா?"

"நாய்க்கு எதுக்கு வேக வைக்கறது?"

 அறுப்புக்கூடத்தில் நான் குழாயடிக்கு ஓடியபோது டாக்டரம்மா என்ன சொல்லியிருப்பார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாததால் தப்பித்தேன்.

"நல்லாக் கேளுங்க," என்றாள் சித்தி. "கறி தின்னு இது வர்றதில்ல. அந்தப் பையைப் பச்சையாத் தின்னா நாயோட குடல்ல புழு வளரும். நாய்க்கு ஒண்ணும் ஆகாது, நல்லாத்தான் இருக்கும். ஆனா அது வெளிய போறதுல எல்லாம் முட்டை, கண்ணுக்கே தெரியாது. ரோமத்துல ஒட்டியிருக்கும், நக்கினா நாக்குல இருக்கும். அது புல்லு மேல விழுந்தா ஆட்டுக்குப் போகும். கை மேல பட்டு வாய்க்குப் போனா மனுஷங்களுக்கு. பையில ரகம் பல உண்டு. ஆனா எல்லாத்துக்கும் தாய்வீடு நாய் வயிறுதான். கடையிலேர்ந்து உங்க வீட்டுக்கு எதுவும் வரல. நீங்க நல்லவரா இருக்கப் போயி, அந்த டப்பா வழியா வந்திருக்கு."

  கடைக்காரரின் மனைவி பினாயிலில் வெளுத்த தரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஒரு மூலையில் கவிழ்த்து வைத்திருந்த நாயின் தட்டைப் பார்த்தார். அந்தத் தட்டைத் தவிர வீடு முழுவதையும் தேய்த்திருக்கிறார், பாவம்.

"பாப்பா எங்க?" என்றாள் சித்தி.

பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன்பல் இரண்டு விழுந்த பொடிசு. ஒரு பழுப்பு நாயைக் கழுத்தோடு கட்டிப்பிடித்து இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். அது அவள் கன்னத்தையும் மூக்கையும் உதட்டையும் ஆசை ஆசையாக நக்கியது.

"அம்மா, தம்பிக்குப் பசிக்குதாம்! இன்னிக்கும் டப்பா வரலையா?"

"கீழ விடு!" அந்த அம்மா போட்ட அலறலில் எனக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. "கீழ விடுடி அதை!"

குழந்தை மிரண்டு நாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கடைக்காரர் பாய்ந்து நாயைப் பிடுங்கித் தரையில் போட்டு, உதைக்கக் காலை ஓங்கினார். சித்தி குறுக்கே போய் நின்றாள்.

"அதை ஏன் உதைக்கறீங்க? அதுவா கடையில போய் வாங்கித் தின்னுச்சு? மாத்திரை கொடுத்தா அதோட புழு போயிடும். இனிமே பச்சையா எதையும் போடாதீங்க. இப்போ பாப்பாவைக் கவனிங்க."

கடைக்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினார். சோப்பைத் தேய்த்து முகத்தைக் கழுவினார், மறுபடி தேய்த்தார், மறுபடி கழுவினார். குழந்தை கண் எரிகிறது என்று வீறிட்டது. அவர் வெள்ளைச் சட்டை தொப்பலாக நனைந்தது. "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்லடா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாருக்குச் சொன்னாரோ தெரியாது.

"சித்தி, இவளுக்கும் இருக்குமா?" என்று கடைக்காரர் நிமிராமலே கேட்டார்.

"தெரியாது. ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். இன்னிக்கே எடுத்துடுங்க." சித்தி பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது.

அவர் போன் அடித்தது. கை சோப்பு நுரையாக இருந்ததால் நான்தான் எடுத்து அவர் காதில் வைத்தேன். மாநகராட்சி ஆபீஸ். எல்லாரும் வந்தாச்சு, வர்றீங்களா, இல்ல ஆர்டரைப் போட்டுடவா என்று ஓர் அதிகாரக் குரல் எனக்கே கேட்டது.

"போட்டுக்குங்க சார்," என்றார் கடைக்காரர். "கடையைப் பூட்டிக்குங்க. என் பொண்ணை ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போகணும், அங்க வர எனக்கு நேரமில்ல."

அவர் மனைவி வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். உறை இல்லாத கை. இன்னொரு கையால் கணவரின் நனைந்த தோளைப் பிடித்துக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு அவரைத் தொடுகிறார் என்பது கடைக்காரர் திரும்பிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

"சார், பூட்டாதீங்க. நான் அவரு சம்சாரம் பேசறேன். அந்தப் பையை ஈரலுக்குள்ள வச்சது நான். எங்க வேணும்னாலும் வந்து கையெழுத்துப் போடறேன், என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க. அவரு கடையில ஒரு அசிங்கமும் இல்ல சார். எல்லாத்தையும் என் கையால தட்டுல போட்டு, வீட்டுக்குள்ளயே வளத்துட்டேன்."